தொழில்வழிக் காயங்களும் பொதுச் சுகாதாரமும்

(பயிற்சி பெறும் அரசு அலுவலர்களுக்கும் பொதுச் சுகாதார மாணவர்களுக்கும் ஆற்றிய உரை)



பொதுச் சுகாதாரம் என்றவுடன் நம் மனத்தில் எழுபவை காலரா, மலேரியா, காசநோய், குடிநீர், தடுப்பூசி ஆகியவை. வேலை செய்யுமிடத்தில் ஒருவர் கையை இழந்தார் என்றால் அதை நாம் சுகாதாரச் செய்தியாகக் கொள்வதில்லை. அது தொழிலாளர் துறையின் கோப்பு, அல்லது காவல் நிலையத்தின் குறிப்பு. பெரும்பாலும் இரண்டிலும் இடம் பெறாமல் ஓர் ஏழைக் குடும்பத்தின் துயரமாகவே முடிந்துவிடுகிறது. இந்தப் பாகுபாடு தவறானது என்பதே இன்று நான் கூற விரும்புவது. பொதுவாகப் பேசுவதைவிட ஒரே ஓர் இயந்திரத்தை எடுத்துக்கொண்டு பேசுவது பயன் தரும் என எண்ணுகிறேன். அது வட இந்தியாவில் கோதுமைக் கதிரடிக்கும் இயந்திரம்.

1986-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் நான் அரியானாவில் ஒரு மாவட்ட மருத்துவமனையில் இளம் மருத்துவனாகப் பணியாற்றிக்கொண்டிருந்தேன். வைசாகியை ஒட்டிய அறுவடைக் காலம். நள்ளிரவுக்குப் பின் ஒரு கூலித் தொழிலாளியை டிராக்டரில் கொண்டுவந்தார்கள். வலக்கை மணிக்கட்டுக்கு மேல் சிதைந்திருந்தது. கிழக்கு உத்தரப் பிரதேசத்திலிருந்து அறுவடைக்காக வந்தவர். வயது இருபதைத் தாண்டியிருக்கும். கையைக் காப்பாற்ற இயலவில்லை. காலையில் பதிவேட்டில், ‘காரணம்’ என்ற பத்தியில் நான் எழுதியது ஒரே சொல்: கவனக்குறைவு. அந்தப் பத்தியில் அதற்கு முன்பு எழுதப்பட்டிருந்தவற்றுள் பெரும்பாலானவையும் அதே சொல்தான். எனக்கு அது விந்தையாகவும் தோன்றவில்லை.

நான்கு நாட்களுக்குப் பிறகு அவருடைய அண்ணன் நடந்ததைக் கூறினார். வயல்களுக்கு மின்சாரம் இரவில்தான் கிடைத்தது. ஆகவே கதிரடிப்பும் இரவில்தான். மாலையிலிருந்து ஓயாமல் வேலை. இடையே மின்சாரம் நின்றது, விளக்கும் அணைந்தது. உருளையில் ஈரத்தாள் அடைத்துக்கொண்டிருந்ததால், இயந்திரம் நின்றிருந்த நேரத்தைப் பயன்படுத்தி இவர் அதைக் கையால் அகற்ற முற்பட்டார். மின்சாரம் திரும்பி வந்தது, உருளை சுழன்றது. மின்சாரம் நின்றால் தானே விடுபட்டு, ஒருவர் மீண்டும் கையால் அழுத்தினாலன்றி ஓடாத ஸ்டார்ட்டர் அந்த மோட்டாரில் இருந்தது. ஆனால் ஒவ்வொரு முறையும் எழுந்து போய் அழுத்துவது தொல்லையாக இருக்கிறது என்று, அதன் பொத்தானை அழுந்தியபடியே இருக்குமாறு கயிற்றால் கட்டிவைத்திருந்தார்கள். கட்டியவர் இயந்திரத்தை வாடகைக்கு விட்டவர். கையை இழந்தவர் அல்லர்.

என் பதிவேட்டுக் குறிப்பைப் படிக்கும் எவருக்கும் கயிறு தெரியாது, இரவு தெரியாது, அணைந்த விளக்கும் தெரியாது. ஒரு தொழிலாளியின் குணத்தைப் பற்றிய தீர்ப்பு மட்டுமே தெரியும். காலரா நோயாளி ஒருவர் வந்தால் ‘காரணம்: சுத்தக்குறைவு’ என்று எழுதிவிட்டு நாம் அமைதி அடைவோமா? எந்தக் கிணற்று நீரைக் குடித்தார், அவ்வீட்டில் வேறு யாருக்கு நோய், அத்தெருவில் எத்தனை பேருக்கு என்று கேட்போம். காயத்தைப் பற்றி மட்டும் கேள்வி முதல் சொல்லிலேயே நின்றுவிடுகிறது.

காயங்களையும் நோய்களைப் போலவே ஆராய வேண்டும் என்ற கருத்து புதியதன்று. ஹார்வர்டு பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜான் கார்டன் 1949-இலேயே இதைக் கூறினார். நோய்களுக்கு எவ்வாறு பருவமும் இடமும் வயதும் உண்டோ, அவ்வாறே காயங்களுக்கும் உண்டு என்றும், கூட்டாக நோக்கும்போது அவை தற்செயல் நிகழ்ச்சிகள் அல்ல என்றும் அவர் வாதிட்டார். மலேரியாவை உண்டாக்குவது ஒட்டுண்ணி. அப்படியானால் காயத்தை உண்டாக்குவது எது? 1961-இல் ஜேம்ஸ் கிப்சன் என்ற உளவியலறிஞர் அதற்கு விடை கூறினார். உடல் தாங்கக்கூடிய அளவுக்கு மேல் வந்து தாக்கும் ஆற்றலே அது. சுழலும் உருளையின் இயக்க ஆற்றலாகவோ, வெப்பமாகவோ, மின்சாரமாகவோ அது இருக்கலாம். வில்லியம் ஹேடன் என்ற மருத்துவர் இக்கருத்தை நடைமுறைக்குக் கொண்டுவந்தார். 1966-இல் அமெரிக்க அரசின் நெடுஞ்சாலைப் பாதுகாப்பு அமைப்புக்கு முதல் தலைவரானவர் இவரே. காயத்திற்கு முன், காயத்தின் போது, காயத்திற்குப் பின் என மூன்று கட்டங்களிலும், மனிதன், கருவி, சூழ்நிலை ஆகிய மூன்றிலும் எங்கே தலையிடலாம் என்று தேடுமாறு அவர் கற்பித்தார். மிக எளிதாகவும் உறுதியாகவும் மாற்றக்கூடிய இடம் எதுவோ அங்கே தொடங்க வேண்டும். பெரும்பாலும் அது மனிதனின் மனமாக இருப்பதில்லை.

இனி நம் இயந்திரத்திற்கு வருவோம்.

1960களின் பிற்பகுதியில் உயர் விளைச்சல் கோதுமை வகைகள் பஞ்சாப், அரியானா, மேற்கு உத்தரப் பிரதேசம் ஆகிய பகுதிகளில் பரவியபோது விளைச்சல் திடீரெனப் பெருகியது. மாடுகளை மிதிக்கவிட்டுக் கதிரடிக்கும் பழைய முறையால் அந்தக் குவியலை மழைக்கு முன் அடித்து முடிக்க இயலாது. ஆகவே விசையால் இயங்கும் கதிரடிக்கும் இயந்திரங்கள் வந்தன. சிறு நகரங்களின் பட்டறைகள் அவற்றைச் செய்து விற்றன. பசுமைப் புரட்சியைப் பற்றி எழுதுவோர் விதையையும் உரத்தையும் பாசனத்தையும் போற்றுவர். இந்தப் பட்டறைகளைப் பற்றி ஒரு வரி எழுதினால் அதுவே மிகுதி. அறுவடையை மழையிலிருந்து காத்ததில் அவற்றுக்குப் பெரும்பங்கு உண்டு. ஆனால் அவை செய்த இயந்திரத்தின் வாய் திறந்திருந்தது.

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். உருளையின் குறுக்களவு 60 சென்டிமீட்டர், வேகம் நிமிடத்திற்கு 600 சுற்று என்று கொள்வோம். நொடிக்குப் பத்துச் சுற்று. உருளையின் விளிம்பில் உள்ள முளை ஒரு நொடியில் ஏறத்தாழ 19 மீட்டர் கடக்கும். ஆபத்தை உணர்ந்து கையை இழுக்கத் தொடங்குவதற்கு நன்கு விழித்திருக்கும் மனிதனுக்கும் ஏறத்தாழ ஐந்தில் ஒரு நொடி தேவை. அதற்குள் அந்த முளை மூன்றரை மீட்டருக்கு மேல் சென்றிருக்கும். மனிதனின் கை ஒரு மீட்டர் நீளங்கூட இல்லை. கதிர்க்கட்டைப் பிடித்த கையோடு உருளை பற்றிக்கொண்டால், கவனமுள்ளவரும் கவனமற்றவரும் அங்கே ஒன்றுதான். இரவு பத்து மணி நேரம் ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்தவரிடம் விழிப்பை எதிர்பார்ப்பதும் நியாயமன்று. மதுவோ அபினோ காரணம் என்று கூறுவோர் உண்டு. சிலருடைய காயங்களில் அதற்கும் பங்கிருக்கலாம். ஆயினும், களைத்தவரையும் மயங்கியவரையும் விழித்தவரையும் ஒருங்கே காக்கக்கூடிய வழி ஒன்று இருக்கும்போது, யார் எந்நிலையில் இருந்தார் என்ற ஆராய்ச்சியில் நாம் ஏன் காலங்கழிக்க வேண்டும்?

அந்த வழி ஒரு தகரத் தட்டு. கதிர்களை உருளைக்குச் செலுத்தும் ஊட்டுத்தட்டு போதிய நீளமுள்ளதாகவும், உருளைக்கு அருகில் உள்ள பகுதி மேலே மூடப்பட்டதாகவும் இருந்தால், கதிர் உள்ளே போகும், கை போகாது. தட்டின் நீளம் 90 சென்டிமீட்டர், அதில் மூடிய பகுதி 45 சென்டிமீட்டர் என்பது நம் நாட்டில் பரிந்துரைக்கப்பட்ட அளவு. கையின் நீளத்தைக் கொண்டு கணக்கிடப்பட்ட அளவு இது என்பதைக் கவனியுங்கள். பாதுகாப்பான ஊட்டு அமைப்புக்கான இந்தியத் தர நிர்ணயம் 1979-இலேயே வெளியாயிற்று. 1983-இல் நாடாளுமன்றம் ஆபத்தான இயந்திரங்கள் (ஒழுங்குமுறை) சட்டத்தை இயற்றியது. உழவுத் துறையிலும் ஊர்ப்புறத்திலும் பயன்படும் இயந்திரங்களுக்கான சட்டம் அது. அதில் பெயர் சுட்டிக் கூறப்பட்ட இயந்திரம் கதிரடிக்கும் இயந்திரம் ஒன்றே. செய்வோருக்கும் விற்போருக்கும் உரிமம், பாதுகாப்பு உறுப்புகள், இயந்திரத்தை இயக்கும்போது உயிரிழந்தாலோ காயமுற்றாலோ இழப்பீடு ஆகியவற்றுக்கு அச்சட்டம் வழிசெய்தது. அதாவது, நான் பதிவேட்டில் ‘கவனக்குறைவு’ என்று எழுதியதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்பே, குறை இயந்திரத்தில் இருக்கலாம் என்று நாடாளுமன்றம் ஏற்றுக்கொண்டிருந்தது. அச்செய்தி எங்கள் மருத்துவமனையை எட்டவில்லை.

சட்டம் இருந்தும் கைகள் ஏன் தொடர்ந்து போயின என்ற கேள்வி நிர்வாகத்தில் இருக்கப்போகும் உங்களுக்கு முக்கியமானது. இதற்கு நான் காணும் காரணங்கள் பல. ஊட்டுத்தட்டை நீட்டினால் தகரச் செலவு கூடும். விலை கேட்டு வாங்குபவர் அடுத்த பட்டறைக்குப் போய்விடுவார். இயந்திரத்தை வாடகைக்கு எடுத்தவருக்கு நேரமே பணம்; மூடிய தட்டில் கதிரைச் செலுத்துவது சற்றே மெதுவாக நடக்கும் என்பதால் அதைக் கழற்றி ஓரமாகச் சாய்த்து வைத்துவிடுவார். சட்டத்திற்கு முன்பே விற்கப்பட்ட இயந்திரங்கள் பழுது பார்க்கப்பட்டு ஆண்டுக்கணக்கில் ஓடின. இவற்றையெல்லாம்விடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. இந்தப் பொருள் எந்தத் துறையைச் சேர்ந்தது? இயந்திரம் வேளாண்மைத் துறையினுடையது. அவர்கள் பார்ப்பது மணிக்கு எத்தனை குவிண்டால் என்பதை. தொழிலாளி தொழிலாளர் துறைக்கு உரியவர், ஆனால் அவர்களுடைய ஆய்வாளர் செல்வது தொழிற்சாலைக்கு, வயலுக்கு அன்று. காயம் மருத்துவத் துறைக்கு வருகிறது. நாங்கள் தைத்து அனுப்பிவிடுகிறோம். மூன்று துறைகளின் எல்லைகளும் சந்திக்கும் இடத்தில் ஒருவருடைய கை அகப்பட்டுக்கொள்கிறது.

சுரங்கங்களை எடுத்துக்கொள்ளுங்கள். 1975 டிசம்பர் 27 அன்று தன்பாத் அருகே சாஸ்நாலா நிலக்கரிச் சுரங்கத்தில் வெள்ளம் புகுந்து 375 பேர் மாண்டனர். நாடே அதிர்ந்தது, விசாரணை நடந்தது. சுரங்கப் பாதுகாப்புக்கெனத் தனித் தலைமை இயக்ககம் தன்பாத்தில் உள்ளது. ஒவ்வொரு விபத்தையும் சுரங்க நிர்வாகம் அதற்கு அறிவித்தாக வேண்டும். போபாலில் 1984-இல் நிகழ்ந்த நச்சுவாயுக் கேட்டிற்குப் பின் தொழிற்சாலைகள் சட்டம் 1987-இல் திருத்தப்பட்டது. பலர் ஒரே இடத்தில் ஒரே நாளில் மாண்டால் அரசு விழித்துக்கொள்கிறது. ஓர் ஊரில் ஒரு கை, அடுத்த ஊரில் இரண்டு விரல், என்று ஓர் அறுவடைக் காலம் முழுவதும் சிதறி நிகழ்பவற்றைக் கூட்டிப் பார்ப்பவர் யாருமில்லை. கூட்டிப் பார்ப்பதுதான் பொதுச் சுகாதாரத்தின் முதல் வேலை.

எத்தனை பேரைப் பற்றிப் பேசுகிறோம் என்பதையும் மனத்திற் கொள்ள வேண்டும். 2011 மக்கள்தொகைக் கணக்கின்படி நம் நாட்டில் பயிரிடுவோரும் வேளாண் கூலிகளுமாக 26 கோடிப் பேருக்கு மேல் இருந்தனர். உழைப்போரில் பாதிக்கும் மேல். தொழிலிடப் பாதுகாப்பு பற்றி 2020-இல் நிறைவேறி 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ள தொகுப்புச் சட்டம், பொதுவாகப் பத்துப் பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் நிறுவனங்களைக் கருத்திற் கொண்டது. கதிரடிக்கும் களத்தில் பெரும்பாலும் நான்கைந்து பேர்தான் இருப்பர். உலக அளவில் 2019-ஆம் ஆண்டில் வேலையால் காயமுற்றோர் 39 கோடியே 50 லட்சம் பேர் என்று சர்வதேசத் தொழிலாளர் நிறுவனம் மதிப்பிட்டுள்ளது. மதிப்பீடு என்ற சொல்லை அழுத்திக் கூறுகிறேன். நம்முடைய களங்களிலிருந்து பதிவுகள் ஒழுங்காக வராதபோது மதிப்பிடத்தான் முடியும்.

இங்கே ஒன்றை நினைவூட்ட விரும்புகிறேன். 1956-இல் டாக்டர் வி. ராமலிங்கசுவாமியும் அவருடன் பணிபுரிந்தோரும் இமயமலை அடிவாரத்துக் காங்ரா பள்ளத்தாக்கில் முன்கழுத்துக் கழலை நோயைத் தடுக்கும் ஆய்வைத் தொடங்கினர். பள்ளத்தாக்கை மூன்று பகுதிகளாகப் பிரித்து, இரண்டிற்கு அயோடின் கலந்த உப்பும் ஒன்றிற்குச் சாதாரண உப்பும் கிடைக்கச் செய்தனர். அயோடின் சென்ற பகுதிகளில் நோய் குறைந்தது. கவனமாக உண்ணுங்கள் என்று மக்களுக்கு அவர்கள் போதிக்கவில்லை. மக்கள் எப்படியும் உண்ணப்போகும் உப்பையே மாற்றினார்கள். ஊட்டுத்தட்டும் அத்தகையதே.

இயந்திரத்தை மாற்றும் இந்த வேலை நம் நாட்டில் நடந்தே இருக்கிறது. டில்லியிலுள்ள இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் பேராசிரியர் தினேஷ் மோகனும் அவருடைய குழுவினரும் வட இந்தியக் கிராமங்களுக்குச் சென்று, வீட்டுக்கு வீடு கேட்டு, உழவுக் காயங்களைக் கணக்கெடுத்தார்கள். அப்போது அவர்கள் கவனத்திற்கு வந்தது மாட்டுத்தீவனம் நறுக்கும் கைக்கருவி. வீட்டு முற்றத்தில் நிற்கும் அந்தக் கருவியின் பெரிய சக்கரம் குழந்தைகளுக்கு விளையாட்டுப் பொருள். ஒரு குழந்தை சக்கரத்தைச் சுற்றும். மற்றொரு குழந்தையின் விரல் கத்தியிடம் இருக்கும். அது தொழிலிடமா, வீடா என்று நம் சட்டப் புத்தகங்கள் தயங்கும். அக்குழு தயங்கவில்லை. பயன்படுத்தாத நேரத்தில் சக்கரத்தைப் பூட்டிவைக்க ஒரு தாழ், கத்திக்கு ஒரு மறைப்பு, ஊட்டுமிடத்தில் கை நெருங்குவதை முன்கூட்டி உணர்த்தும் உருளை ஆகிய எளிய மாற்றங்களை வகுத்தது. இவை ஊர்க் கொல்லரும் செய்யக்கூடியவை. என் கருத்தில், சுகாதாரக் கல்வி என்ற பெயரில் நாம் அச்சிட்ட சுவரொட்டிகள் பலவற்றைவிட அந்தத் தாழ் உயர்ந்தது.

இழப்பீடு பற்றியும் ஒரு சொல். 1923-ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்ட அட்டவணையில் ஒரு கையின் இழப்பு ஈட்டும் திறனில் 60 விழுக்காடு இழப்பு என்றும், கட்டைவிரலின் இழப்பு 30 விழுக்காடு என்றும் குறிக்கப்பட்டது. விசையால் இயங்கும் சாதனங்களைக் கொண்டு உழவு செய்வோரும் அச்சட்டத்தின் வரம்பில் சேர்க்கப்பட்டிருந்தனர். ஆகவே நான் கூறிய அந்தத் தொழிலாளிக்கு ஏட்டளவில் உரிமை இருந்தது. வலக்கையை இழந்த ஒரு கதிரடிப்புக் கூலிக்கு எஞ்சிய 40 விழுக்காடு எங்கே இருக்கிறது என்பது வேறு கேள்வி. உரிமையைப் பெற அவருக்குத் தேவைப்பட்டது ஒரு சான்று. அவர் கையில் கிடைத்தது ‘கவனக்குறைவு’ என்று எழுதிய என் குறிப்பு. அறுவை முடிந்து பத்து நாட்களில் அண்ணனுடன் ரயிலேறிவிட்டார். இழப்பீடு கேட்டாரா என்பது எனக்குத் தெரியாது. கேட்டிருந்தால் என் குறிப்பே எதிர்த்தரப்புக்கு உதவியிருக்கும்.

பஞ்சாபிலும் அரியானாவிலும் விளைபொருள் சந்தை வாரியங்கள் இத்தகைய காயங்களுக்கு உதவித்தொகை வழங்குகின்றன. இது பாராட்டத்தக்கது. அவ்விண்ணப்பங்களை ஆண்டு முடிவில் ஒருவர் உட்கார்ந்து படித்தால், எந்த வட்டத்தில், எவ்வகை இயந்திரத்தில், இரவா பகலா என்பது ஓரளவு விளங்கிவிடும். பணம் கொடுத்தபின் கோப்பைக் கட்டி வைத்துவிடுவதே நம் வழக்கம்.

இப்போது அறுவடையும் கதிரடிப்பும் ஒருங்கே செய்யும் பெரிய இயந்திரங்கள் வந்துவிட்டன, பழைய இயந்திரத்தைப் பற்றி ஏன் பேச வேண்டும் என்று உங்களில் சிலர் நினைக்கலாம். பஞ்சாபின் பெருநிலங்களில் அது பெருமளவு உண்மை. ஆனால் பெரிய இயந்திரம் தாளை வயலிலேயே விட்டுச் செல்கிறது. கால்நடைக்குத் தாள் வேண்டுவோரும், சிறு துண்டு நிலம் உடையோரும் இன்றும் கதிரடிக்கும் இயந்திரத்தையே நாடுகின்றனர். உத்தரப் பிரதேசத்திலும் பீகாரிலும் மத்தியப் பிரதேசத்திலும் இத்தகையோர் மிகப் பலர்.

நீங்கள் மாவட்டங்களுக்குச் செல்லும்போது பெரிய திட்டம் எதுவும் வேண்டாம். மருத்துவமனைப் பதிவேட்டில் ‘காரணம்’ என்ற பத்தியை அடித்துவிட்டு, வேறு சில கேள்விகளை எழுதச் செய்யுங்கள். எந்த இயந்திரம்? யார் செய்தது? ஊட்டுத்தட்டு இருந்ததா, மூடியிருந்ததா? எத்தனை மணி நேரமாக வேலை? வெளிச்சம் எது? மின்சாரம் நின்று வந்ததா? எழுதுவதற்கு ஐந்து நிமிடம் ஆகும். பிப்ரவரியில் வேளாண்மை, தொழிலாளர், மருத்துவம், மின்வாரியம் ஆகியவற்றின் அலுவலர்களை ஒரு மேசையைச் சுற்றி உட்காரவைத்து, சென்ற ஆண்டின் ஏட்டைப் படித்துக் காட்டுங்கள். ஒரே பட்டறையின் பெயர் ஐந்து முறை வந்தால் அந்தப் பட்டறைக்கு ஒருவர் போகட்டும். ஒரே மின்தொடரைச் சேர்ந்த ஊர்களில் காயம் மிகுந்தால், ஏப்ரலில் மூன்று வாரங்களுக்கு அங்கே பகலில் மின்சாரம் தர இயலுமா என்று கேளுங்கள். இயலாது என்பார்கள், எழுத்தில் கேளுங்கள்.

சென்ற ஆண்டு இதே போன்ற கூட்டத்தில் ஒரு பயிற்சி அலுவலர் என்னிடம், “ஐயா, தொழிலாளி உண்மையிலேயே கவனக்குறைவாக இருந்திருந்தால் அப்போதும் அதை எழுதக் கூடாதா?” என்று கேட்டார். எழுதலாம். ஆனால் மற்றக் கேள்விகளுக்கெல்லாம் விடை எழுதிய பிறகு, கடைசியில் இடம் மிஞ்சினால் எழுதுங்கள் என்றேன். அவர் இப்போது மேற்கு உத்தரப் பிரதேசத்தில் ஒரு வட்டத்தில் பணியாற்றுகிறார். முதல் அறுவடையின் ஏட்டை எனக்கு அனுப்பியிருந்தார். பதினொரு பெயர்கள், ஒன்பது காயங்கள் இரவில், ஏழு இயந்திரங்களில் மூடிய தட்டு இல்லை. கடைசிப் பத்தி முழுவதும் வெறுமையாக இருந்தது.